குடல் புற்றுநோய் பரவிவிட்டால்: எந்த வைத்தியம், எதற்காக?



சென்ற மாதம் கூட்டமைப்புக் கூட்டத்தில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வைத்தியச் செலவுக்கு என்று இரண்டு விண்ணப்பங்கள் அடுத்தடுத்து வந்தன. இரண்டு வீட்டிலும் ஒரே நோய். பெருங்குடலில் வந்த புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ஒரு பிரதிநிதி எழுந்து, "முத்திப் போனதுக்குப் போயி கடன் குடுத்தா, ஆளும் போயி கடனும் நிக்குமே" என்றார். பின்வரிசையில் இருந்து இன்னொருவர், "அதுக்காக வைத்தியம் பாக்காம விட்டுடறதா?" என்று கேட்டார். அப்புறம் கூட்டம் முடியும்வரை இதே பேச்சுதான்.

இரண்டு பேர் கேட்டதும் நியாயம். ஆனால் "முத்திப் போச்சு" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. முதல் வீட்டில் நோயாளி நம் குழு உறுப்பினர். வயது 46. கல்லீரலில் இரண்டே இரண்டு கட்டி. நோய் என்று தெரிந்த பிறகும் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டாவது வீட்டில் உறுப்பினரின் மாமியார். வயது 74. கல்லீரல் முழுக்கவும், நுரையீரலிலும் பரவியிருக்கிறது. ஏற்கெனவே இரண்டு வகை கீமோ பார்த்தாகிவிட்டது. இப்போது பெரும்பாலும் படுக்கைதான். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். இந்த இரண்டு வீட்டையும் மனதில் வைத்துக்கொண்டு இந்த மாதப் பாடத்தைப் படியுங்கள். குழுவில் படித்துக் காட்டுபவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொண்டாலும் சரி. சங்கதி கொஞ்சம் கனமானது.

பரவுவது என்றால் என்ன?

குடலில் இருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. சாப்பாட்டுச் சத்தை அங்கே கொண்டு சேர்ப்பதற்காக உடம்பில் இருக்கும் வழி அது. அதே வழியில் நோயும் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் குடல் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் கல்லீரலில் தெரிகிறது. அடுத்து நுரையீரல், வயிற்றின் உள்சவ்வு. இப்படித் தூரத்து உறுப்புக்குப் போய்விட்டால் டாக்டர்கள் 'நாலாம் ஸ்டேஜ்' என்கிறார்கள்.

"மொதல்ல குடல்னு சொன்னாங்க, இப்ப ஈரல் கேன்சர்னு புதுசா ஒண்ணு சொல்றாங்க" என்று பல வீட்டில் குழம்பிப் போகிறார்கள். புது நோய் இல்லீங்க. நம் வயல் நெல் பக்கத்து வயலில் சிந்தி முளைத்தாலும் அது நெல்தானே. கல்லீரலில் இருந்தாலும் அது குடல் புற்றுநோய்தான். கொடுக்கும் மருந்தும் குடல் புற்றுநோய்க்கான மருந்துதான்.

முதலில் கேட்க வேண்டியது

"இந்த வைத்தியம் எதுக்காக, டாக்டர்?" இதைத்தான் முதலில் கேட்கணும். செலவு எவ்வளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏனென்றால் வைத்தியத்துக்கு மூன்று நோக்கம் இருக்கலாம். நோயை அடியோடு எடுத்துவிடப் பார்ப்பது ஒன்று. அடியோடு எடுக்க முடியாது, ஆனால் அடக்கி வைத்து ஆயுளை நீட்டிப்பது ஒன்று. வலி, வாந்தி, அடைப்பு போன்ற உபாதையைக் குறைத்து இருக்கிற நாளை நிம்மதியாக்குவது ஒன்று. ஒரே கீமோவை இந்த மூன்று காரியத்துக்கும் கொடுக்கிறார்கள். வெளியில் இருந்து பார்க்கிற நமக்கு எல்லாம் ஒரே பாட்டில், ஒரே ஊசியாகத்தான் தெரியும். டாக்டர் வாயால் சொன்னால்தான் எதற்கு என்று விளங்கும்.

படிக்காதவர்கள்தான் இதில் ஏமாந்து போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பரவிய குடல் புற்றுநோய்க்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் கீமோ எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கேட்டு ஒரு ஆய்வு செய்தார்கள். 2012ல் அது வெளியானது. குடல் புற்றுநோய்க்காரர்களில் 100க்கு 81 பேர், தங்கள் கீமோ நோயைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமலே இருந்தார்கள். அங்கேயே அப்படி. நம் ஊரில் டாக்டர் இரண்டு நிமிடம் பேசுவதே பெரிசு. அதனால் கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது. பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளணும். முடிந்தால் குழுவில் இருந்து ஒருவர் கூடப் போகணும்.

கல்லீரலில் அறுவை

பரவிய பிறகும் குணமாக வழி இருப்பது பெரும்பாலும் இந்தச் சிலருக்குத்தான். ஆனால் இதைத்தான் நம் பக்கத்தில் பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கல்லீரலுக்கு ஒரு விசேஷ குணம். வெட்டினால் வளரும். நல்ல கல்லீரலாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும் சில வாரத்தில் வளர்ந்து வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால் கட்டிகள் கொஞ்சமாக, எடுக்கிற இடத்தில் இருந்தால் அந்தப் பகுதியை அறுத்து எடுக்கிறார்கள். சின்னக் கட்டியை ஊசி செலுத்திச் சூட்டினால் கருக்கும் முறையும் உண்டு. கல்லீரலுக்குப் பரவியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் எடுத்த எடுப்பில் இந்த அறுவை முடியும். வேறு சிலருக்கு இரண்டு மூன்று மாதம் கீமோ கொடுத்துக் கட்டி சுருங்கிய பிறகு முடியும். அறுவை செய்துகொண்டவர்களில் 10க்கு 4 பேர் அளவில் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். 10க்கு 2 பேர் அளவில் பத்து வருஷம் தாண்டி, குணமானவர்களாகவே இருக்கிறார்கள். பலருக்கு நோய் திரும்ப வருகிறது என்பதும் உண்மை. அப்படி வந்தால் இன்னொரு முறை அறுப்பதும் உண்டு.

இந்த அறுவை முடியுமா முடியாதா என்று சொல்ல வேண்டியது கல்லீரல் அறுவையில் பழகிய டாக்டர். சாதாரண ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கல்லீரலில் பரவியுள்ளது" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் "ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்வதோடு நிற்கக் கூடாது. சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கான அறுவைப் பிரிவு இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. ஸ்கேன் சிடியை எடுத்துக்கொண்டு போய், "கல்லீரல் கட்டியை எடுக்க முடியுமா, இல்லேன்னா கீமோவுக்கு அப்புறமாவது முடியுமா?" என்று கேட்டுவிட வேண்டும்.

நம் 46 வயது அக்காவுக்கு நடந்தது அதுதான். முதலில் பார்த்த இடத்தில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். உறவுக்காரர்கள், "கீமோ குடுத்தா இருக்கிற தெம்பும் போயிரும்" என்றார்கள். குழுவில் ஒருவர் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே மூன்று மாதம் கீமோ, பிறகு ஸ்கேன், கட்டி சுருங்கியிருந்தால் அறுவை என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது மூன்றாவது தவணை முடிந்திருக்கிறது. அறுவை முடியுமா என்பது இனிமேல்தான் தெரியும்.

குடலில் இருக்கும் கட்டி

"மூலத்துல இருக்கிற கட்டியை மொதல்ல எடுத்துருங்க டாக்டர்" என்று வீட்டார் கெஞ்சுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். வேரை வெட்டினால் மரம் பட்டுப்போகும் என்ற கணக்கு. இது இங்கே சரிப்படாது. கல்லீரல் கட்டியை எடுக்கவே முடியாது, குடல் கட்டியும் தொந்தரவு தரவில்லை என்ற நிலையில் இருப்பவர்களை வைத்து ஜப்பானில் ஒரு ஆய்வு செய்தார்கள். 2021ல் அது வெளியானது. குடல் கட்டியை எடுத்துவிட்டுக் கீமோ கொடுத்தவர்கள், எடுக்காமல் கீமோ கொடுத்தவர்களைவிட அதிக நாள் இருக்கவில்லை. அறுவையின் வேதனைதான் மிச்சம்.

ஆனால் கட்டி வழியை அடைத்துவிட்டால் கதை வேறு. வயிறு ஊதி, காற்றும் பிரியாமல், வாந்தி வந்தால் அது அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போகணும். குடலை வயிற்றின் மேல் திறந்து பை வைப்பார்கள், அல்லது அடைப்புக்குள் வலைக்குழாய் செருகுவார்கள். பை வைத்துக்கொண்டு சமைக்கலாம், வேலைக்குப் போகலாம், கோயிலுக்கும் போகலாம். நாற்றம் வரும் என்று ஒதுக்கி வைக்கிற வீடுகளைப் பற்றித் தனியாக ஒரு இதழில் எழுதணும். மலக்குடல் கட்டியில் ரத்தம் வடிந்தாலோ, எலும்பில் பரவி வலித்தாலோ கரண்ட் வைப்பது நல்ல பலன் தரும். அதுவும் உபாதையைக் குறைக்கும் வைத்தியம்தான்.

கீமோ: எது, எப்படி?

அறுவை முடியாத பெரும்பாலானவர்களுக்கு முதுகெலும்பு கீமோதான். வைத்தியமே இல்லாமல் விட்டால் பரவிய குடல் புற்றுநோய்க்காரர்கள் நடுக்கணக்கில் 6 முதல் 8 மாதம் இருப்பார்கள். இப்போதைய கூட்டு மருந்துகளில் அது ஏறக்குறைய 2 வருஷம். தகுந்தவர்களுக்குப் புது மருந்தும் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் இரண்டரை வருஷம் வரை. நடுக்கணக்கு என்றால் பாதிப்பேர் அதற்கு மேல், பாதிப்பேர் அதற்குள். "டாக்டர் ரெண்டு வருசம் கெடு குடுத்துட்டார்" என்று யாரும் அழ வேண்டாம். அது தனி ஆளுக்கு வைத்த கெடு இல்லை.

பழைய மருந்து 'ஃபைவ் எஃப்யூ'. 1957ல் இருந்து இருக்கிறது, இன்றும் இதுதான் அடிப்படை. இதோடு 'ஆக்ஸாலிபிளாட்டின்' அல்லது 'இரினோடிகான்' சேர்ப்பார்கள். இதே ஃபைவ் எஃப்யூ வேலையைச் செய்யும் மாத்திரையும் உண்டு, 'கேபசைடபின்' என்று பேர்.

இங்கேதான் நமக்கு ஒரு தேர்வு இருக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டினை ஃபைவ் எஃப்யூவோடு கொடுத்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் 46 மணி நேரம் பம்ப் மூலம் மருந்து ஏறணும். ஆறு மாதத்துக்கு 12 தடவை. மாத்திரையோடு கொடுத்தால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஒரு நாள் டிரிப் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு. ஆறு மாதத்துக்கு 8 தடவை. நோயை அடக்குவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆஸ்பத்திரிக்கு மூன்று பஸ் மாறிப் போகிறவர்களுக்கு 12க்கும் 8க்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நமக்குத் தெரியும். கூட வருகிறவரின் கூலியும் சேர்ந்துதானே போகிறது. அதே சமயம் மாத்திரையை வேளை தவறாமல் எண்ணி விழுங்க வீட்டில் ஒருவர் கவனிக்கணும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மாத்திரை ஒத்துவராமல் போகலாம். "எனக்கு எது தோதுப்படும்?" என்று டாக்டரைக் கேளுங்கள்.

பக்க விளைவிலும் வேலைக்குத் தக்க வித்தியாசம் இருக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டின் போட்ட சில நாளைக்குக் குளிர்ந்த தண்ணி பட்டாலே ஷாக் அடிப்பது போல் இருக்கும். பாத்திரம் கழுவுவது, நாற்று நடுவது, விடியற்காலையில் எவர்சில்வர் குடத்தைத் தொடுவது எல்லாமே கஷ்டம். தவணை கூடக்கூட விரல் நுனி மரத்துப்போகும், சிலருக்கு அது நிற்பதே இல்லை. தையல் மிஷினில் பிழைப்பவரும் பூக்கட்டுபவரும் இதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடணும். "நான் தையல்காரி, விரல் போச்சுன்னா சோறு போச்சு" என்று சொன்னால் அவர் இடையில் அந்த மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மாத்திரையைத் தொடரலாம். நோய் அடங்கியிருந்தால் கொஞ்ச காலம் கீமோவுக்கே விடுமுறை விடுவதும் ஒரு முறை. மாத்திரையில் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியும். வெறுங்காலோடு வரப்பில் நடக்க முடியாது. இரினோடிகானில் வயிற்றுப்போக்கும் முடி கொட்டுவதும் அதிகம். ஆக்ஸாலிபிளாட்டினில் முடி முழுக்கப் போவது அபூர்வம். சின்ன விஷயம்தானே என்று ஆண்கள் சொல்லலாம். முடி போயிடும் என்று பயந்தே கீமோவை மறுத்த பெண்ணை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கீமோ எடுப்பவர் வீட்டில் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியது இரண்டு. காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனால் ராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரி. ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் உயிருக்கு ஆபத்து. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. அதேபோல் வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் பேதி ஆனால், கேபசைடபினை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் பேசணும். "பணம் குடுத்து வாங்கினது, வீணாகக் கூடாது" என்று விழுங்கிக்கொண்டே இருப்பது பெரிய ஆபத்து.

வயதானவர்களுக்கு மருந்தைக் குறைத்து ஆரம்பிப்பார்கள். காசு இல்லாததால் குறைத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், அதுவும் முறையான வைத்தியம்தான். ஆனால் பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலேயே இருக்கும் நிலைக்கு வந்தவருக்குக் கீமோ நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யக்கூடும். வீட்டிலேயே நாம் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய அளவுகோல் இது.

விலை கூடின மருந்துகள்

இந்த இடத்தில்தான் நிலம் அடமானம் போகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கட்டிக்கு ரத்தம் போகிற வழியைக் குறுக்கும் ஊசி ஒன்று, 'பெவாசிசுமாப்'. இந்தியக் கம்பெனிகள் பல இதைச் செய்வதால் விலை முன்னைவிட இறங்கியிருக்கிறது. 'செடுக்ஸிமாப்' என்று இன்னொன்று. இது எல்லோருக்கும் வேலை செய்யாது. கட்டியில் 'ராஸ்' என்ற மரபணு மாறியிருந்தால் துளிகூடப் பயன் இல்லை, ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது மாறியிருக்கிறது. குடலின் இடது பக்கத்துக் கட்டிக்குத்தான் நன்றாகக் கேட்கும். டெஸ்ட் செய்யாமலே இந்த ஊசிக்குப் பணம் கட்டச் சொன்னால், "ராஸ் டெஸ்ட் பாத்தீங்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

'பெம்ப்ரோலிசுமாப்' என்பது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் திருப்பும் மருந்து. 'எம்எஸ்ஐ' அல்லது 'எம்எம்ஆர்' என்ற டெஸ்ட்டில் குறிப்பிட்ட வகை வந்தால் மட்டும் இது கேட்கும். பரவிய குடல் புற்றுநோய்க்காரர் 100 பேரில் 4, 5 பேருக்கு அந்த வகை. அந்தச் சிலருக்குக் கீமோவைவிட இது நன்றாக வேலை செய்கிறது, வருஷக்கணக்கில் நோய் அடங்கி இருப்பவர்கள் உண்டு. 2020ல் அமெரிக்காவில் இவர்களுக்கு முதல் மருந்தாகவே அனுமதித்தார்கள். விலை லட்சக்கணக்கில். மீதி 95 பேருக்கு இதைத் தனியாகக் கொடுப்பது பணத்தை ஆற்றில் போடுவதுதான். அதனால் மருந்து வாங்க முடியுமோ முடியாதோ, டெஸ்ட்டைக் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அந்த வகை பரம்பரையாகவும் வரக்கூடியது. அப்படி என்றால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்ளலாம்.

முதல் இரண்டு வகைக் கீமோவும் கேட்காமல் போன பிறகு கொடுக்கும் மாத்திரைகள் உண்டு. 'ரெகோராஃபெனிப்' அதில் ஒன்று. 2013ல் வெளியான ஆய்வில், இந்த மாத்திரை எடுத்தவர்கள் நடுக்கணக்கில் 6.4 மாதம் இருந்தார்கள். சத்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்கள் 5 மாதம். வித்தியாசம் ஒன்றரை மாதத்துக்கும் குறைவு. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் நடமாட்டத்தோடு இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். ஒன்றரை மாதம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? மகள் கல்யாணம் அடுத்த மாதம் என்றால் ஒன்றரை மாதம் பெரிசுதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு செலவு செய்வது வேறு, "இந்த மாத்திரையில எந்திரிச்சு நடப்பாங்க" என்று நினைத்துக் கந்துவட்டிக்கு வாங்குவது வேறு.

இரண்டாவது வீட்டில் மகன் ஒரு ஏக்கரை அடமானம் வைத்து இந்த மாத்திரையைத்தான் வாங்கப் பார்த்தார். மருமகள்தான் நம் உறுப்பினர். டாக்டரிடம், "இது குடுத்தா அத்தைக்கு என்ன மாறும்?" என்று நேராகக் கேட்டார். கிடைத்த பதிலை வீட்டில் வந்து சொன்னார். அப்புறம் யாரும் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார்கள், மாமியாரையே கேட்டார்கள். "வலி இல்லாம திண்ணையில படுத்திருந்தா போதும். ஆட்டுக்குட்டிய வித்துராதீங்க" என்றாராம். உறுப்பினர் பழைய கடன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கட்டிலுக்கும் தண்ணி மெத்தைக்கும் சின்னதாக ஒன்று எழுதிக் கொடுத்தார்.

யார் முடிவு செய்வது?

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், மனசு உடைஞ்சிருவாங்க." எல்லா வீட்டிலும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். தான் வரும்போது பேச்சு நிற்பதையும், மகள் சமையலறையில் அழுவதையும் பார்க்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியாததுபோல் அவர் நடிக்க, சொல்லாததுபோல் வீட்டார் நடிக்க, நடுவில் கீமோ ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. "டாக்டர் சொன்னதை உனக்குச் சொல்லணுமா, நாங்க பார்த்துக்கணுமா?" என்று கேட்டாலே போதும். சிலர் "நீங்களே பாத்துக்கங்க" என்பார்கள், அதுவும் அவர் முடிவுதான். ஆனால் நம் அனுபவத்தில் பெண்களிடம் இதைக் கேட்பதே இல்லை. அவருடைய வயிற்றை அறுக்கலாமா என்று கணவரும் அண்ணனும் மச்சானும் வராந்தாவில் நின்று பேசுகிறார்கள். சேமிப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பெண், அறுவைக்கான சம்மதத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம்.

வலியோடு இருக்க வேண்டியதில்லை

'இனி நோய் ஆதரவு சிகிச்சை' என்று டாக்டர் சொன்னால் கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இதைக் கீமோ நடக்கும்போதே சேர்த்துத் தொடங்கலாம். அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்காரர்களை வைத்து நடந்த ஆய்வு 2010ல் வெளியானது. ஆரம்பத்திலேயே இந்தச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் மனத்தெம்போடு இருந்தார்கள், மற்றவர்களைவிடக் கூடுதலாக இரண்டரை மாதம் அளவு உயிரோடும் இருந்தார்கள்.

கடும் வலிக்கு மார்பின் மாத்திரை இருக்கிறது. அபின் செடியில் இருந்து எடுப்பது. நம் நாட்டிலேயே அரசு அனுமதியோடு அபின் விளைகிறது, ஆனால் 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் ஜனங்களுக்கு மாத்திரை எட்டாமலே இருந்தது. 2014ல் சட்டத்தைத் திருத்தி ஓரளவு எளிதாக்கினார்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்கு எடுத்துக்கொண்டால் அதற்கு அடிமையாகிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். வலி வந்த பிறகு தேடாமல், மணி பார்த்துக் கொடுக்கணும். சாதாரண மார்பின் மாத்திரை என்றால் நாலு மணிக்கு ஒரு தடவை. மலச்சிக்கல் கண்டிப்பாக வரும், அதற்கு மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்கணும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய் ஆதரவு சேவையும் சேர்ந்திருக்கிறது. கிராம சுகாதார நர்சிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயர் கொடுத்து வையுங்கள்.

யாராவது வேர், சூரணம், லேகியம் கொண்டுவந்து கொடுத்தால் கீமோ டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிலது கீமோ மருந்தோடு மோதும், கல்லீரலைக் கெடுக்கும். "கேன்சரை ஒரே மாசத்துல கரைப்பேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

காகிதமும் காசும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012ல் வந்தது. 2018ல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்த பிறகு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. புற்றுநோய் அறுவை, கீமோ, கரண்ட் எல்லாம் இதில் வரும். விலை கூடிய ஊசி எல்லாமே வரும் என்று நம்பிக்கொண்டு போகாமல், எது வரும் எது வராது என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுண்டரில் முதல் நாளே கேட்கணும். அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் ரேஷன் கார்டு, வருமானச் சான்றோடு இப்போதே எடுத்து வைக்கணும். சந்தேகத்துக்கு 104 எண்ணில் பேசலாம்.

ரயிலில் வைத்தியத்துக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூடப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு சலுகை. இதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கையெழுத்து வாங்கணும்.

கடைசியாக, பயாப்சி எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக லேபில் வைத்திருப்பார்கள். ராஸ், எம்எம்ஆர் டெஸ்ட் எல்லாம் அதில்தான் செய்யணும். ஆஸ்பத்திரி மாறும்போது எழுதிக் கொடுத்து அந்த மெழுகுக் கட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பவும் வயிற்றில் ஊசி போட்டுச் சதை எடுக்க நேரும். வெயில் படாமல், அடுப்புப் பக்கம் வைக்காமல், ஸ்கேன் சிடி, ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரே பையில் போட்டு வையுங்கள். பீரோ சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அந்தப் பையும் இருக்கட்டும்.